நத்தம்: பெயர் எழுதாமல் விட்ட இடம்

எங்கள் சித்தப்பா பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். அவர் பிறந்த வீடு, அவருடைய அப்பாவும் பிறந்த வீடு. பத்திரத்தைப் புரட்டிய அலுவலர் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "நத்தம்னு போட்டிருக்கே சார். நத்தம்னா புறம்போக்கு. கவர்மென்ட் இடத்துக்கு நாங்க எப்படிக் கடன் குடுக்கிறது?" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். சித்தப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகப் பேசவே இல்லை. கடன் கிடைக்காதது ஒரு பக்கம். மூன்று தலைமுறையாக யாருடைய இடத்திலோ பாய் விரித்துப் படுத்திருக்கிறோம் என்று ஒருவர் சொல்லிவிட்டாரே என்பதுதான் அவரை அரித்தது.

அதே ஊர் டீக்கடையில் நத்தத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நேர்மாறான பதில் வரும். "நத்தமா? வேலி போட்டவனுக்குச் சொந்தம். அதுக்குப் பேப்பரே வேண்டாம்."

இரண்டுமே தப்பு. ஆனால் இரண்டும் சும்மா முளைத்த தப்புகள் இல்லை. நத்தம் என்ற சொல் ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்த விதத்தில்தான் இந்தக் குழப்பம் முழுவதும் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பாதி தெளிந்துவிடும்.

முதலில் சொல்லுக்குப் பொருள்

ஒரு கிராமத்தின் எல்லைக்குள் மக்கள் வீடு கட்டிக் குடியிருப்பதற்கென்று இருக்கும் நிலம் நத்தம். அவ்வளவுதான்.

'கிராமம்' என்றதும் நமக்குத் தெருக்களும் வீடுகளும்தான் நினைவுக்கு வரும். வருவாய்த் துறைக்கு அப்படி இல்லை. அவர்கள் கணக்கில் கிராமம் என்பது வயல், ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, களம், சுடுகாடு எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பு. அதில் வீடுகள் இருக்கும் பகுதி ஒரு சிறு திட்டு மட்டுமே. முழுக் கிராமத்தையும் ஒரு வீடாக நினைத்துக்கொண்டால், வயல்தான் அடுப்படி, ஏரி தண்ணீர்த் தொட்டி, மந்தை கொல்லைப்புறம். ராத்திரி எல்லோரும் வந்து படுக்கிற கூடம் இருக்கிறதே, அதுதான் நத்தம்.

கிராம வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணிலேயே தெரியும். தாள் முழுக்க வயல்கள் கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றிலும் ஒரு எண். நடுவில் ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்ன வீட்டுக் குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஊர்ப்பெயர்களிலும் இந்தச் சொல் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் என்றே ஓர் ஊர் இருக்கிறது, தாலுகா தலைநகர். பாளையங்கோட்டைப் பக்கம் மேலநத்தம், கீழநத்தம். அப்புறம் பல ஊர்களில் 'நத்தமேடு' என்று ஒரு மேட்டைக் காட்டுவார்கள். இப்போது அங்கே வீடே இருக்காது, ஆடு மேயும். ஆனால் மழை பெய்து மண் கரைந்தால் பானை ஓடு கிடைக்கும். எப்போதோ ஊர் அங்கே இருந்து பெயர்ந்து போயிருக்கிறது. ஆட்கள் போன பிறகும் பெயர் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. திருக்குறளில் "நத்தம்போல் கேடும்" என்று தொடங்கும் 235-ஆம் குறளில் வருகிற நத்தம் வேறு. அதற்குப் பரிமேலழகர் ஆக்கம், வளர்ச்சி என்று பொருள் சொல்கிறார். அந்தக் குறளைக் கொண்டுவந்து வீட்டுமனைக்கு விளக்கம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

மளிகைக்கடை நோட்டு

இனி அந்தக் கணக்குப் புத்தகம். அதற்கு முன்னால் தெருமுனை மளிகைக்கடைக்கு ஒரு நடை போய் வருவோம்.

அண்ணாச்சி கடையில் ஒரு கடன் நோட்டு தொங்கும். அதில் யார் பெயர் இருக்கும்? பாக்கி வைத்தவர்கள் பெயர். ரொக்கம் கொடுத்து வாங்கிப் போனவர் பெயர் அதில் இருக்காது. இப்போது ஒருவர் அந்த நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, "இதில் உங்கள் பெயர் இல்லை, ஆகவே நீங்கள் வாங்கிய அரிசி உங்களுடையது இல்லை, அண்ணாச்சியுடையது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிரிப்போம். நோட்டு எதற்காக எழுதப்பட்டதோ அதைத்தான் அது சொல்லும்.

கிராமத்து நிலக் கணக்கும் இப்படிப்பட்ட நோட்டுதான். அது வரி வசூலுக்காக எழுதப்பட்டது. எந்த நிலம் விளைகிறது, எவ்வளவு விளைகிறது, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதே அதன் கேள்வி. நெல் விளைகிற இடத்துக்குக் கணக்கு வேண்டும். திண்ணைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் எதற்கு?

இந்தப் பழக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவை. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களைச் சொல்லும்போது முதலில் ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து சில இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி, சுடுகாடு. இவற்றைக் கழித்தது போக மீதி நிலத்துக்குத்தான் வரி. கழிக்கப்பட்டவை இறையிலி, அதாவது வரி இல்லாத நிலம். அந்தப் பட்டியலில் நத்தம் முன்வரிசையிலேயே நிற்கிறது.

பிறகு ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை வந்தது. ரயத்து என்றால் உழவர். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவரே நேராக அரசுக்கு நிலவரி கட்டுவதுதான் ரயத்துவாரி. 1820 முதல் 1827 வரை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் பெயரோடு இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரிக்குத் தீர்வை என்று பெயர். தீர்வை போட வேண்டுமானால் ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டும், மண்ணைத் தரம் பிரிக்க வேண்டும், உரியவர் பெயரை எழுத வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வயல் வயலாக இறங்கி அளந்தார்கள்.

நத்தத்தில் இறங்கவில்லை. அதைச் சுற்றி வெளிக்கோடு போட்டு, உள்ளே இருந்த நூறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண் கொடுத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். தீர்வை இல்லாத இடத்தை எதற்கு முழம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

இதுவரை பார்த்தது: நத்தம் என்பது குடியிருக்கும் இடம். அதற்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாததால் வீடு வீடாக அளக்கவும் இல்லை, பெயர் எழுதவும் இல்லை.

'அ' பதிவேட்டில் ஒரு வரி

கிராமத்தின் அடிப்படை நிலக் கணக்குக்கு 'அ' பதிவேடு என்று பெயர். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், இப்போது இணையத்திலும் பார்க்கலாம். ஒரு வயலின் வரியை எடுத்துக்கொண்டால் இடமிருந்து வலமாக வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். புல எண், உட்பிரிவு எண், அரசா ரயத்துவாரியா, நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம், இருபோகமா, மண் வயனமும் ரகமும், மண் தரம், தீர்வை வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை, பட்டா எண்ணும் உடைமையாளர் பெயரும், கடைசியில் குறிப்பு.

கொஞ்சம் நின்று இந்தக் கட்டங்களைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே பயிரைப் பற்றிய கேள்விகள். பாசனம் எங்கிருந்து? எத்தனை போகம்? மண் எப்படி? இந்தக் கேள்விகளோடு ஒருவர் உங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றால் என்ன பதில் சொல்வீர்கள்? நத்தத்தின் வரியிலும் அதுதான் நடந்தது. பாசனம் இல்லை, போகம் இல்லை, மண் தரம் இல்லை, தீர்வை இல்லை. கோடு, கோடு, கோடு. பெயர்க் கட்டமும் காலி. குறிப்புக் கட்டத்தில் மட்டும் 'கிராம நத்தம்' என்று இரண்டு சொல்.

அந்தக் காலிக் கட்டத்தில்தான் சித்தப்பாவின் வங்கி அலுவலர் அரசாங்கத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

புறம்போக்கு எங்கே வந்து ஒட்டிக்கொண்டது?

புறம்போக்கு என்ற சொல் இன்று திட்டுவதற்குப் பயன்படுகிறது. கணக்கில் அதன் பொருள் சாது. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம், அதாவது வரி போடாமல் வெளியே நிறுத்திய நிலம், புறம்போக்கு.

வெளியே நிறுத்தியதற்குக் காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஏரியை நிறுத்தியது அதில் தண்ணீர் நிற்கிறது என்பதால். வண்டிப்பாதையை நிறுத்தியது எல்லோரும் நடக்கிறார்கள் என்பதால். சுடுகாட்டை நிறுத்தியதற்குக் காரணம் சொல்ல வேண்டாம். நத்தத்தை நிறுத்தியது அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதால். காரணம் எதுவானாலும் எல்லாம் ஒரே கூடைக்குள் விழுந்தது. வீட்டுச் செலவுக் கணக்கில் 'இதர செலவு' என்று ஒரு தலைப்பு வைத்திருப்போமே, அதில் கோயில் உண்டியலில் போட்ட பத்து ரூபாயும் வரும், பைக் பஞ்சர் ஒட்டியதும் வரும். இரண்டும் ஒரே தலைப்பில் இருப்பதால் உண்டியல் பஞ்சராகிவிடுமா?

நாளடைவில் கூடையின் பெயர் உள்ளே இருந்த எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டது. 'நத்தம் புறம்போக்கு' என்று எழுதினார்கள். இன்னொரு பக்கம் ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகள் செய்தியாக வர வர, 'புறம்போக்கு என்றால் அரசு நிலம், அங்கே வீடு கட்டினால் இடிப்பார்கள்' என்பது எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. ஏரிக்கு அது சரி. நீர்நிலையில் வீடு கட்டினால் அதை ஆட்சேபகரமான ஆக்கிரமிப்பு என்றுதான் வருவாய்த் துறை சொல்லும். வீடு கட்டுவதற்கென்றே இருக்கும் இடத்தில் வீடு கட்டியவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதுதான் கோளாறு.

அப்படியானால் நத்தம் யாருடையது?

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரிந்த சட்டம். எழுதி வைக்காத சட்டம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டவர் ஏறி வந்து உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். போட்டவர் வரவே இல்லை என்றால் துண்டை நகர்த்திவிட்டு அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். துண்டுக்கு மரியாதை கொஞ்ச நேரம்தான். உட்கார்ந்த ஆளுக்குத்தான் முழு மரியாதை.

நத்தத்தின் பழைய வழக்கம் இதுதான். ஊரின் குடியிருப்புப் பகுதியில் காலியாக இருந்த இடத்தில் ஒருவர் வீடு கட்டினார், பின்னால் கொல்லை விட்டார், மாட்டைக் கட்டினார், வைக்கோல் போர் போட்டார். அப்படி அனுபவித்து வந்த இடம் அவருடையது. பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள், விற்றார்கள், வாங்கினார்கள். யாரும் தாசில்தாரைக் கேட்கவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இங்கே முக்கியம். பொதுச் சாலைகள், பாதைகள், ஆறு, ஏரி, இன்னும் தனியாருக்கு உரியதல்லாத நிலங்கள் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்த சட்டம் அது. கேட்டால் நத்தமும் போய்விட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அதன் 2-ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. கோயில் இடமாக இருப்பதும், வீட்டு மனையாகவோ கொல்லைப்புறமாகவோ ஒருவருக்கு உரியதாக இருப்பதும் இந்த அறிவிப்பில் சேராது. அரசாங்கம் எல்லாவற்றையும் தன்னுடையது என்று சொல்ல உட்கார்ந்த சட்டத்தில், கொல்லைப்புறத்துக்கு ஒரு வார்த்தை ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதியவர் யாரோ, ஊரைக் கொஞ்சம் பார்த்தவராக இருந்திருக்க வேண்டும்.

இந்த விலக்கைக் காட்டித்தான் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில், நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவரின் இடம் அரசுக்கு உரியதல்ல என்று சொல்லியிருக்கிறது. ஆக, வங்கி அலுவலர் சொன்னது தப்பு.

டீக்கடை சொன்னதும் தப்பு என்றேனே, அது எப்படி? விலக்கு 'வீட்டு மனையாக ஒருவருக்கு உரிய' இடத்துக்குத்தான். யாரும் வீடு கட்டாமல் கிடக்கும் நத்தத்தில் நாலு கல்லை நட்டு முள்கம்பி சுற்றுவது துண்டு போடுவது மாதிரி. அப்படிக் காலியாக இருக்கும் நத்தத்தை வீடில்லாதவர்களுக்கு மனையாக ஒதுக்க வருவாய்த் துறைக்கு வழிமுறை இருக்கிறது. வருவாய் நிலை ஆணைகள் என்று அவர்களுக்கு ஒரு கைப்புத்தகம் உண்டு. அதில் 21-ஆம் ஆணை முழுக்க வீட்டு மனைகளைப் பற்றியதுதான். தெரு, பொதுக்கிணறு, சாவடி போல நத்தத்துக்குள்ளேயே எல்லோருக்கும் பொதுவான இடங்களும் இருக்கும். அவற்றை வளைத்துப்போட்டால் அதுவும் ஆக்கிரமிப்புதான்.

ஜமீன் ஊர்களில் கதை கொஞ்சம் வேறு. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது அங்கே நிலங்கள் முதலில் அரசின் கைக்குப் போய், பிறகு உரியவர்களுக்குப் பட்டாவாக வந்தன. உங்கள் ஊர் பழைய ஜமீனில் இருந்ததானால், வழக்கு என்று வரும்போது வழக்கறிஞரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

இதுவரை பார்த்தது: புறம்போக்கு என்பது வரிக் கணக்குக்கு வெளியே நிறுத்திய நிலம். நத்தமும் அந்தக் கூடையில் விழுந்தது. ஆனால் வீடு கட்டிக் குடியிருப்பவரின் மனையையும் கொல்லையையும் 1905-ஆம் ஆண்டுச் சட்டமே அரசுச் சொத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. காலி நத்தத்துக்கு அந்த விலக்கு தானாகக் கிடைக்காது.

ஊர் நத்தம், சேரி நத்தம்

'குடியிருந்தவருக்கே இடம்' என்பது கேட்க அழகாக இருக்கிறது. இங்கே நிறுத்திவிட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும்.

இராசராசன் காலத்துப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஊர்நத்தம் ஒரு சொல், பறைச்சேரி தனியாக இன்னொரு சொல். இரண்டும் ஆட்கள் குடியிருக்கும் இடம்தான், இரண்டுக்கும் வரி இல்லை. ஆனாலும் இரண்டு பெயர். ஆங்கிலேயர் காலக் கணக்கிலும் அது தொடர்ந்தது: ஊர் நத்தம், சேரி நத்தம். வரைபடத்தில் இரண்டு திட்டு, நடுவே வயல்.

ஊர் நத்தத்தில் குடியிருந்தவரை யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. சேரியில் அப்படி இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வேண்டும் என்று கேட்ட அறிக்கை அது. அடுத்த ஆண்டு வந்த, நாம் இன்று பஞ்சமி நிலம் என்று பேசும் ஒதுக்கீட்டுக்கு வழி வைத்ததும் அதுதான். விளைநிலத்தோடு குடியிருக்கும் மனையையும் அது பேசியது. சேரி இருக்கும் மனையும் எங்களுடையதுதான் என்று மிராசுதாரர்கள், அதாவது ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை உள்ளவர்கள், சொல்லிக்கொண்டார்கள். மனை அவர்களுடையது என்றால், கூலி குறைவு என்று வாய் திறந்தவரைக் குடிசையை விட்டு வெளியேற்றிவிடுவோம் என்று மிரட்டலாம். மிரட்டினார்கள்.

அதே சொல், அதே காலிக் கட்டம். ஒரு தெருவில் அது பாதுகாப்பாக இருந்தது, இன்னொரு தெருவில் கழுத்துக் கயிறாக இருந்தது. பிற்காலத்தில் அரசு தனியாக நிலம் எடுத்து ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு மனைப்பட்டா கொடுத்ததன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. 'பேப்பரே வேண்டாம், அனுபவமே போதும்' என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கேட்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். காகிதம் வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர்கள், காகிதம் இல்லாமலே எழுப்ப முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

நத்தத்துக்கும் பட்டா வந்தது

நூறு வீட்டுக்கு ஒரே எண் என்பது ஊர் சின்னதாக இருந்த காலத்தில் ஓடியது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்துக்கு எந்த வீடு யாருடையது என்று வாய்ப்பாடாகத் தெரியும். 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருபவருக்கு எந்தத் திண்ணை யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குள் வீடுகளும் காரை வீடுகளாக மாறின, கடன் தேவைப்பட்டது, விலை ஏறியது.

பிறகுதான் நத்தம் நிலவரித் திட்டம் வந்தது. நூறு ஆண்டுக்கு முன் சங்கிலியோடு வந்தவர்கள் இறங்காமல் போன இடத்தில் அளவர்கள் இப்போது இறங்கினார்கள். வீடு வீடாக அளந்து, தெருவைத் தனியாகப் பிரித்து, ஒரே எண்ணாகக் கிடந்த நத்தத்தை உட்பிரிவுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினார்கள். குடியிருப்பவரின் மனையை 'ரயத்துவாரி மனை' என்று வகைப்படுத்தினார்கள். வயலுக்கு இருந்த அதே ரயத்துவாரி என்ற சொல் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறதே, 'நிலவரி'. பெயர் எழுத வேண்டுமானால் நோட்டு வரியைத்தான் தேடுகிறது.

இதில் இரண்டு சொற்கள் எல்லோரையும் குழப்பும்: தோராய பட்டா, தூய பட்டா. வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரைவுப் பட்டியல் ஒட்டுவார்கள், பெயர் விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள் என்பார்கள், பிறகு இறுதிப் பட்டியல் வரும். அளந்தவுடன் 'இது உங்கள் இடம், இவ்வளவு அளவு, ஆட்சேபம் உண்டா?' என்று கொடுத்தது தோராய பட்டா. விசாரணை முடிந்து இறுதியானது தூய பட்டா. தோராய பட்டாவை மட்டும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு அத்தோடு மறந்துபோன குடும்பங்கள் நிறைய. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கலாம், தேடிப் பாருங்கள். இப்போது நத்தம் பட்டாவையும் இணையத்தில் எடுக்க வசதி வந்திருக்கிறது.

அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். நத்தம் மனைகள் சிறியவை என்பதால் சதுர மீட்டரில் எழுதுவார்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர். பட்டாவில் 121 சதுர மீட்டர் என்று இருந்தால் உங்களிடம் இருப்பது 3 சென்ட்.

பட்டாவும் பத்திரமும்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். பட்டா என்பது வருவாய்க் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதற்கான சான்று. பத்திரம் என்பது அந்த இடம் இன்னாரிடமிருந்து உங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பதிவு ஆவணம். பட்டா இருப்பதால் மட்டும் உரிமை முழுதாக நிலைநாட்டப்பட்டுவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நத்தத்தில் பரம்பரையாக இருப்பவர்களிடம் பத்திரமே இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அப்போது பேசுவது அனுபவம்தான்: வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு, பாகப்பிரிவினைச் சீட்டு, அக்கம்பக்கத்தார் பத்திரங்களில் எல்லையாக வரும் உங்கள் தாத்தாவின் பெயர்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நத்தத்துப் பழைய பத்திரங்களில் உட்பிரிவு எண் இருக்காது, நான்கெல்லைதான் இருக்கும். உங்கள் வீட்டுக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டை 1960-இல் யாரோ விற்றபோது 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்று எழுதியிருப்பார்கள். அந்த இன்னார் உங்கள் தாத்தாவாக இருந்தால், அவர் அங்கே அப்போது இருந்தார் என்பதற்கு அந்நியர் ஒருவர் சாட்சி எழுதி வைத்த மாதிரி.

நத்தம் மனை வாங்குபவர்களுக்கும் இதேதான். அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்று போடும்போது பழைய புல எண்ணிலும் புதிய உட்பிரிவு எண்ணிலும் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். மனைக்குப் போய் நின்று, பட்டாவில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்று டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே "இங்கே யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். எந்தச் சான்றிலும் வராத அண்ணன் தம்பித் தகராறு அங்கே வந்துவிடும்.

சித்தப்பாவின் இரும்புப் பெட்டி

சித்தப்பாவிடம் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று இருந்தது. பங்காளியின் பாதிப் பங்கைத் தாத்தா கிரயம் வாங்கியபோது முழு மனையின் அளவையும் சொல்லி எழுதியது. 'கீழ்மேல் ஜாதியடி 24, தென்வடல் ஜாதியடி 60, கிராம நத்தம், கீழ்மேல் தெருவுக்கு வடக்கு, புளியமரத்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில்' என்று போகும். பத்திர எழுத்தர்கள் அடியை ஜாதியடி என்றுதான் எழுதுவார்கள். வங்கி அலுவலர் விரல் வைத்த 'நத்தம்' இந்த வரியில் இருந்ததுதான்.

பெட்டியை முழுக்கக் கவிழ்த்தபோது, வீட்டு வரி ரசீதுகளுக்கு நடுவில் நாலாக மடித்த தாள் ஒன்று வந்தது. சித்தப்பா அதையும் வரி ரசீது என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். பிரித்தால் நத்தம் பட்டா, ரயத்துவாரி மனை, 129 சதுர மீட்டர். பத்திரத்து அளவைக் கணக்குப் போட்டால் 134 வர வேண்டும். ஐந்து சதுர மீட்டர் தெரு அகலமானபோது போயிருக்கும் என்பது சித்தியின் கருத்து. புளியமரம் எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது.

உடைமையாளர் பெயர்க் கட்டம் இந்த முறை காலியாக இல்லை. தாத்தாவின் பெயர் இருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு. சித்தப்பா இப்போது இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துப் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறார். பிழையான பெயரும் சரியான பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்குத் தனியாக ஓர் உறுதிமொழி எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.